தரம்சாலா தேர்தலில் முதல் சுற்றைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புலம்பெயர்ந்த திபெத்தியர்கள், இமாச்சலத்தின் தரம்சாலாவிலிருந்து இயங்கும் தங்கள் நிர்வாகத்துக்காக நடத்தும் தேர்தல் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதை எழுத ஒருவர் முன்வந்ததே பெரிது. ஆனால் ஓரிடத்தில் "தலாய் லாமா நியமிக்கும் பிரதமர்" என்றும், இன்னோரிடத்தில் "திபெத்திய மக்கள் அனைவரும் வாக்களிக்கும் தேர்தல்" என்றும் வந்திருக்கிறது. இரண்டுமே தவறு. கூடவே, கட்டுரை பதவியேற்பு விழாவின் அழகிலேயே மயங்கி நின்றுவிட்டது. இந்தத் தேர்தலின் பலமும் கோளாறும் முதல் சுற்று வாக்குச்சீட்டிலும், எந்த வாக்காளர் எத்தனை பெயர் எழுதலாம் என்கிற கணக்கிலும் இருக்கின்றன. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நியமன விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1959 மார்ச்சில் லாசாவை விட்டு இந்தியாவுக்கு வந்த தலாய் லாமா, மறு ஆண்டே மக்கள் பிரதிநிதிகள் சபையை அமைக்க வைத்தார். 1960 செப்டம்பர் 2 அன்று 13 பேர் பதவியேற்றார்கள்; அந்தத் தேதியைத்தான் ஜனநாயக நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். 1963-ல் வெளியான அரசியல் சட்ட வரைவில், தேவைப்பட்டால் தலாய் லாமாவின் அதிகாரத்தையே எடுத்துவிட வழிசெய்யும் பிரிவு இருந்தது. அதை வேண்டாம் என்றவர்கள் மக்கள். இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். 1991-ல் புலம்பெயர் திபெத்தியர்களுக்கான சாசனம் வந்த பிறகு காலோன் எனப்படும் அமைச்சர்களைத் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்றத்தின் வேலையாயிற்று. 2001 முதல் அமைச்சரவைத் தலைவரையே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் வந்தவர் சம்தோங் ரின்போச்சே. பதிவான வாக்குகளில் 80 சதவீதத்துக்கும் மேல் அவருக்கு விழுந்தது.

2011 மார்ச்சில் தலாய் லாமா தன் அரசியல் அதிகாரம் முழுவதையும் கைவிடுவதாக அறிவித்தார். மறுபரிசீலனை செய்யும்படி நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டதை அவர் ஏற்கவில்லை. மே மாதக் கடைசியில் சாசனம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் 27,051 வாக்குகள், அதாவது ஏறக்குறைய 55 சதவீதம், பெற்று வந்தவர் லோப்சாங் சங்கே. அமைச்சரவைத் தலைவர் பதவியின் பெயர் சிக்யோங் என்று மாறியது 2012-ல். சிக்யோங் தன் காலோன்களாக ஏழு பேர் வரை முன்மொழியலாம். நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டால்தான் அவர்கள் அமைச்சர்கள். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒருவர் சிக்யோங்காக இருக்க முடியாது. இந்த ஏற்பாட்டில் நியமனத்துக்கு எங்கே இடம்?

அடுத்தது வாக்காளர் யார் என்பது. திபெத்துக்குள் வாழும் சுமார் 60 லட்சம் பேருக்கு இந்தத் தேர்தலில் வாக்கு இல்லை, இருக்கவும் முடியாது. வெளியே இருப்பவர்கள், 2009-ல் தரம்சாலா நிர்வாகம் எடுத்த கணக்கெடுப்பின்படி, சுமார் 1.28 லட்சம் பேர். 2021 தேர்தலுக்குப் பதிவு செய்துகொண்டவர்கள் 83,080; வாக்களித்தவர்கள் 63,991. அதாவது 77 சதவீதம். கோவை மாநகராட்சித் தேர்தல் என்றாலே இதைப்போல் பல மடங்கு வாக்காளர்கள். ஆனால் இந்த 63,991 பேரும் கர்நாடகத்து முண்ட்கோட்டிலும் நியூயார்க்கிலும் சூரிச்சிலும் சிதறிக் கிடப்பவர்கள். தேர்தலை நடத்துவதும் அந்தந்த ஊரில் அமைக்கப்படும் சிறிய உள்ளூர்த் தேர்தல் குழுக்கள்.

18 வயது நிரம்பியிருந்தால் மட்டும் போதாது. கையில் பச்சைப் புத்தகம் வேண்டும். 1972-ல் தொடங்கிய சத்ரெல் என்கிற தன்னார்வ நன்கொடைக்கான ரசீதுப் புத்தகம் அது. ஆண்டுச் சந்தா இந்தியா, நேபாளம், பூடானில் இருப்பவர்களுக்குச் சொற்பத் தொகை. டாலரில் சம்பாதிப்பவர்களுக்குப் பல மடங்கு. பெயர்தான் தன்னார்வ நன்கொடை. கட்டாமல் விட்டால் வாக்குரிமை இல்லை. வாக்காளராகப் பதிவு செய்யும்போது பாக்கி நிற்கக் கூடாது. நிறையப் பேர் தவறுவது இங்கேதான். படிக்கவோ வேலைக்கோ பெங்களூருக்கும் டெல்லிக்கும் போன இளைஞர்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் கட்டாமல் விட்டிருப்பார்கள். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு அவசரமாகப் பாக்கியைக் கட்டி ஓடி வருவதற்குள் பதிவுக்கான கடைசித் தேதி போயிருக்கும்.

இனி முதல் சுற்று. தேர்தல் இரண்டு கட்டமாக நடக்கும். 2015 அக்டோபர் 18-ல் முதல்நிலை வாக்குப்பதிவு, 2016 மார்ச் 20-ல் இறுதி. அதற்கடுத்த முறை 2021 ஜனவரி 3, ஏப்ரல் 11. முதல்நிலையில் நம் ஊர் போல வேட்புமனு, முன்மொழிவு, டெபாசிட் எதுவும் கிடையாது. அச்சடித்த பெயர்ப் பட்டியலும் சின்னமும் இல்லை. கொடுப்பது வெற்றுக் கோடுகள் போட்ட சீட்டு. சிக்யோங் பதவிக்குத் தகுதி உள்ளவர் என்று வாக்காளர் நினைக்கும் ஒருவரின் பெயரைத் திபெத்திய எழுத்தில் தன் கையால் எழுத வேண்டும். நாடாளுமன்றத்துக்கு இன்னொரு சீட்டு. இந்தியாவில் இருக்கும் வாக்காளர் அதில் தன் மாகாணத்தைச் சேர்ந்தவர்களில் பத்துப் பேர் வரை எழுதலாம். சிக்யோங்குக்குக் குறைந்தது 35 வயது, உறுப்பினருக்கு 25. கட்சி அடிப்படையில் யாரும் நிற்பதில்லை. அதனால் மாகாணச் சங்கங்கள் சுற்றுக்கு விடும் பெயர்ப் பட்டியல்தான் பல ஊர்களில் கட்சி செய்யும் வேலையைச் செய்கிறது. யாரும் முறையாக வேட்பாளர் இல்லாததால், ஆர்வம் உள்ளவர்கள் ஓராண்டு முன்பே "நான் தயார்" என்று தாங்களே அறிவித்துவிட்டு ஊர் ஊராகப் பேசக் கிளம்பிவிடுகிறார்கள்.

கையால் எழுதும் சீட்டில் என்ன சிக்கல் வரும் என்பது, திபெத்தியப் பெயர்களை அறிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் புழக்கத்தில் இல்லை. தலாய் லாமாவிடம் பெயர் வைக்கக் கேட்ட குழந்தைகள் எல்லாம் தென்சின்கள். தென்சின் என்பதோடு சேரும் இரண்டாம் பெயர்களும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஒரே பெயரில் ஒரே மாகாணத்தில் நான்கைந்து பேர் இருப்பது சாதாரணம். எனவே பெயரோடு வீட்டுப் பெயரையோ, இருக்கும் ஊரையோ, வகிக்கும் பொறுப்பையோ சேர்த்து எழுதினால்தான் யாருக்குப் போட்ட வாக்கு என்பது எண்ணுபவருக்குத் தெரியும். வெறும் பெயரை எழுதிய வரி வீணாகலாம். வேறு மாகாணத்துக்காரர் பெயரை எழுதினாலும் அந்த வரி போச்சு. பத்து வரிச் சீட்டில் எட்டு செல்லும், இரண்டு செல்லாது என்று வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு பெயருக்கும் கோடு போட்டு எண்ண வேண்டும். அதைக் கண்டம் கண்டமாகத் தொகுத்துத் தரம்சாலாவில் சேர்க்க வேண்டும். 2021 ஏப்ரல் 11-ல் பதிவான இறுதி வாக்குகளின் முடிவு மே 14-ல்தான் வந்தது. 2011-லும் 2016-லும் மார்ச் 20 வாக்குப்பதிவுக்கு ஏப்ரல் 27-ல் முடிவு. "இவ்வளவு சின்னத் தேர்தலுக்கு ஒரு மாதமா" என்று உங்கள் கட்டுரையாளர் வியந்திருந்தார். விடை இதுதான்.

முதல் சுற்றில் முன்னிலை பெற்றவர்களின் பட்டியலைத் தேர்தல் ஆணையம் அறிவித்து, விலக விரும்புபவர்களுக்கு அவகாசம் தந்து, இறுதிப் பட்டியலை வெளியிடும். எத்தனை பேரை இரண்டாம் சுற்றுக்கு விடுவது என்ற இடத்தில்தான் தகராறு. 2021 முதல்நிலையில் பென்பா செரிங் 24,488, கெல்சாங் தோர்ஜே அவுகாட்சாங் 14,544, கியாரி தோல்மா 13,363. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே 1,181 வாக்குதான் வித்தியாசம். இறுதிச் சுற்றில் நின்றது முதல் இருவர் மட்டும். அதில் பென்பா செரிங் 34,324, கெல்சாங் தோர்ஜே 28,907. முதல் சுற்றோடு ஒப்பிட்டால் பின்னவர் வாக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கிறது. முன்னவருக்குக் கூடியது பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு சுற்று முறை வேலை செய்யும் விதம் இதில் நன்றாகத் தெரியும். மூன்றாம் இடத்துக்காரரின் ஆதரவாளர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள், முதல் சுற்றில் வராதவர்கள் இரண்டாம் சுற்றில் வருகிறார்களா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. இரண்டு பேரோடு நிறுத்துவதில் தவறில்லை. யாராவது ஒருவர் பாதிக்கு மேல் வாங்குவதற்கு அதுவே நேரான வழி.

தவறு, விதியை எப்போது சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. 2015-ல் முதல்நிலை வாக்குப்பதிவு நடந்து முடிந்த பிறகு ஆணையம் ஒரு நிபந்தனையை அறிவித்தது. இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு நடுவே 20 சதவீதத்துக்குக் குறைவான இடைவெளி இருந்தால் மட்டுமே மூன்றாமவருக்கு இறுதிச் சுற்றில் இடம் என்றார்கள். அதனால் வெளியே போனவர் லுகர் ஜாம். மற்ற இருவரும் தலாய் லாமாவின் நடுவழிக் கொள்கையை, அதாவது சீனாவுக்குள் தன்னாட்சியை, ஏற்றவர்கள். இவர் ஒருவர்தான் முழு விடுதலை கேட்டவர். அவர் நின்றிருந்தாலும் ஜெயித்திருக்க மாட்டார். பிரச்சினை அதுவல்ல. அந்தக் கருத்தை வைத்திருப்பவர்கள் அதற்கு ஒரு வாக்குப் போட்டு, தாங்கள் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டும் வாய்ப்பு போயிற்று. திபெத்துக்காகப் பல்லாண்டு குரல் கொடுத்த வெளிநாட்டு ஆதரவாளர்களே இதைக் கண்டித்து எழுதினார்கள். இறுதியில் லோப்சாங் சங்கே 33,876, பென்பா செரிங் 24,864 என்று முடிந்தது. இடைவெளி பெரிது, முடிவில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் ஆட்டம் பாதி நடந்த பிறகு கோட்டை நகர்த்தினார்கள் என்ற பேச்சு மட்டும் அடங்கவில்லை.

நாடாளுமன்ற இடப்பங்கீடுதான் என் பார்வையில் இதைவிடக் கனமான விஷயம். மொத்தம் 45 இடங்கள். உ-சாங், தோத்தோ, தோமே என்ற மூன்று மாகாணங்களுக்கும் தலா பத்து. நிங்மா, காக்யு, சாக்யா, கெலுக் என்ற நான்கு பௌத்த மரபுகளுக்கும், திபெத்தின் பழைய சமயமான போனுக்கும் தலா இரண்டு. வட, தென் அமெரிக்காவுக்கு இரண்டு, ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சேர்த்து இரண்டு, ஆஸ்திரேலியாவுக்கும் இந்தியா, நேபாளம், பூடான் நீங்கலான ஆசியாவுக்கும் ஒன்று. ஒவ்வொரு மாகாணத்தின் பத்திலும் குறைந்தது இருவர் பெண்கள்.

இப்போது ஒரு வாக்காளரின் கையிலிருந்து பாருங்கள். கர்நாடகத்துப் பைலகுப்பேயில் சோளம் பயிரிடும் குடியானவர் நாடாளுமன்றத்துக்குப் பத்துப் பெயர் எழுதலாம். அதே ஊரில் சேரா மடத்தில் துறவியாக இருக்கும் அவர் அண்ணன் தன் மாகாணத்துக்குப் பத்தும், தன் சமய மரபுக்கு இரண்டும் ஆகப் பன்னிரண்டு எழுதலாம். நியூயார்க்கில் குடியேறிவிட்ட அந்தக் குடியானவரின் தங்கைக்கு இரண்டு. சிட்னிக்குப் போன தம்பிக்கு ஒன்று. ஒரே குடும்பம், ஒரே பச்சைப் புத்தகம், நான்கு விதமான எடை. சிக்யோங்குக்கான சீட்டில்தான் எல்லோருக்கும் ஒரே ஒரு வரி. மாகாணங்களுக்குள்ளும் சமன் இல்லை. தோமே என்கிற ஆம்தோ பகுதியிலிருந்து வெளியேறி வந்தவர்கள் மற்ற இரு மாகாணத்தாரைவிட மிகக் குறைவு. இடம் மட்டும் அதே பத்து.

இந்த ஏற்பாடு அறியாமையால் வந்ததல்ல. 1959-க்கு முன் லாசா அரசின் நேரடி ஆட்சி பெரும்பாலும் உ-சாங் பகுதியோடு நின்றது. காம் (தோத்தோ), ஆம்தோ (தோமே) மக்கள் அகதிகளாக வந்து சேர்ந்தபோது, மறுபடியும் லாசாக்காரர்களின் கீழ்தானா என்ற ஐயம் அவர்களுக்கு இருந்தது. 1960-ன் அந்த முதல் 13 பேரிலேயே மாகாணத்துக்கு மூவர், நான்கு மரபுகளுக்கும் ஒவ்வொருவர் என்று வைத்ததற்குக் காரணம் அதுதான். ஒற்றுமைக்குக் கொடுத்த விலை என்று அதை மதிக்கலாம். ஆனால் அப்போது அமெரிக்காவில் திபெத்தியர்கள் இல்லை என்றே சொல்லலாம். இன்று தெற்கு இந்தியக் குடியிருப்புகளில் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. டொரோண்டோவிலும் நியூயார்க்கிலும் கூட்டம் பெருகியிருக்கிறது. கணக்கு மட்டும் பழையபடியே நிற்கிறது. திருத்த வேண்டும் என்ற பேச்சு பலமுறை எழுந்தது. சாசனத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கை தூக்க வேண்டும். அந்தக் கைகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கால் இடம் பெற்றவர்களுடையவை. தங்களுக்கும் சமய இடம் வேண்டும் என்று கேட்ட ஜோனாங் என்ற இன்னொரு பௌத்த மரபினரின் கோரிக்கையும் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டது.

எனக்குச் சரி என்று படுவது இதுதான்: மாகாண இடங்களைத் தலா பத்திலிருந்து குறைத்து, அவற்றைக் கடல்கடந்த பகுதிகளுக்குத் தர வேண்டும், துறவிகளின் இரட்டை வாக்கைத் தொடர்வதா என்று தனியாக முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே திருத்தமாகக் கட்டிக் கொண்டுவந்தால் மடங்களும் மாகாணச் சங்கங்களும் சேர்ந்து அதை விழவைத்துவிடும்.

நீதி அமைப்பைப் பற்றிக் கட்டுரையில் "சுதந்திரமான உச்ச நீதி ஆணையம்" என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த ஆணையம் துணிச்சலாக நடந்ததும் உண்டு. 2017 நவம்பரில் வாஷிங்டன் பிரதிநிதிப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்ட பென்பா செரிங், தன் அரசையே எதிர்த்து வழக்குப் போட்டார். 2019-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அடுத்த தேர்தலில் அவரே சிக்யோங். ஆனால் 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் ஆணையர்கள் மூவரையும் பதவிநீக்கம் செய்தது. மே மாதம் அவர்கள் தங்களைத் தாங்களே மீண்டும் பொறுப்பில் அமர்த்திக்கொண்டார்கள். யார் முன்னால் உறுதிமொழி எடுப்பது என்பதில் புதிய உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை அக்டோபர் வரை முறையாகக் கூடி வேலை செய்ய முடியவில்லை. மேல்முறையீட்டுக்கு வேறு நீதிமன்றம் இல்லாத, காவல்துறையும் நிலமும் இல்லாத ஓர் அரசில் இப்படி ஒரு முடிச்சு விழுந்தால், அவிழ்க்கப் பேச்சைத் தவிர வேறு கருவி இல்லை.

இடம் கொடுத்த நாடுகளின் தயவும் ஒரு கணக்கு. இந்தியா இந்த நிர்வாகத்தை அரசாக அங்கீகரிக்கவில்லை. தேர்தலைத் தடுப்பதும் இல்லை. நேபாளம் அப்படி இல்லை. 2010 அக்டோபர் 3 முதல்நிலை வாக்குப்பதிவின்போது காத்மாண்டில் போலீசார் வாக்குப்பெட்டிகளையே தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்த சீட்டுகள் எண்ணப்படவே இல்லை.

இந்திய வாக்குரிமையையும் இதையும் உங்கள் கட்டுரை குழப்பியிருக்கிறது. 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையே இந்தியாவில் பிறந்த திபெத்தியர்கள் பிறப்பால் இந்தியக் குடிமக்கள். நீதிமன்றங்கள் அதைச் சொன்ன பிறகு 2014-ல் இந்தியத் தேர்தல் ஆணையம் அவர்களைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவரும், சாசனம் சொல்லும் கடமைகளைச் செய்தால் திபெத்தியத் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆக, ஒருவர் இரண்டிலும் வாக்களிக்கத் தடையில்லை. தடை வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டு கேட்டால் அகதிப் பதிவுச் சான்றை ஒப்படைக்க வேண்டும், திபெத்தியக் குடியிருப்பில் வசிக்கக் கூடாது என்று 2017-ல் நிபந்தனைகள் வந்தன. நிலமும் வீடும் போய்விடுமே என்று பலர் அந்தப் பக்கமே போவதில்லை.

தமிழ்நாட்டோடு தொடர்பில்லை என்று நினைத்தோ என்னவோ, பென்பா செரிங் தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர் என்ற தகவலைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். பிறந்தது பைலகுப்பேயில். குளிர்காலத்தில் நம் நகரங்களில் ஸ்வெட்டர் கடை போடும் திபெத்தியர்களில் பலரும் கர்நாடகக் குடியிருப்புக்காரர்கள்தான். ஜனவரி 3 என்பது அவர்கள் சரக்கைத் தீர்த்துவிட்டு ஊர் திரும்பாத நேரம். தேதி குறிப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது நிருபரைத் தரம்சாலாவுக்கு அனுப்பச் செலவாகும் என்றால் கொள்ளேகால் பக்கம் அனுப்புங்கள். ஆசனூர் மலைக்கு அப்பால் ஒடெயார்பாளையாவில் தோந்தென்லிங் குடியிருப்பு இருக்கிறது. உள்ளூர்த் தேர்தல் குழுவில் வேலை பார்த்தவர்களிடம், செல்லாத வரிகள் எத்தனை, எதனால் செல்லாமல் போயின என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். திருத்தத்தை வெளியிட்டால் சிக்யோங், நியமனம் பற்றிய வரியை முதலில் மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உதகமண்டலம்